தபர்க்கீனோ: விட்டு வந்த தீவின் பெயர்

இத்தாலியின் சர்தீனியத் தீவுக்குத் தென்மேற்கு மூலையை ஒட்டி சான் பியேத்ரோ என்றொரு சிறு தீவு. அதில் உள்ள ஊர் கார்லோஃபோர்த்தே. அவ்வூர் மக்களும் அவர்கள் பேச்சும் 'தபர்க்கீனோ' எனப்படுவர். ஆனால் அப்பெயரைத் தந்த தபர்க்கா இருப்பது அங்கே அல்ல, கடலுக்கு அப்பால் துனீசியக் கரையில். அக்காலத்தில் அது கரையை ஒட்டிய ஒரு சிறு தீவு.

Tabarchino என்ற இத்தாலிய எழுத்துகளைப் பார்த்தால் 'தபர்ச்சீனோ' என்று எழுதத் தோன்றும். அது பிழை. அதிலுள்ள 'ch', இகரத்துக்கு முன் ககர ஒலி கெடாமலிருக்க இத்தாலியர் கையாளும் எழுத்துமுறை. ஒலி 'கீ' தான். 'ஈனோ' என்பது ஊர்ப்பெயரோடு சேர்ந்து 'அவ்வூரார்' எனப் பொருள் தரும் விகுதி.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், தபர்க்காவில் பவளம் எடுக்கும் உரிமை இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாவின் லொமெல்லீனி குடும்பத்துக்குக் கிடைத்தது. ஜெனோவாவை அடுத்த பெல்யியிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போயின. ஜனம் பெருகியது, பவளம் அருகியது. 1738இல் சர்தீனிய அரசர் மூன்றாம் கார்லோ இம்மானுவேலே, ஆளில்லாமல் கிடந்த சான் பியேத்ரோவை அவர்களுக்குத் தந்தார். ஊருக்கு அவர் பெயரே அமைந்தது. தபர்க்காவிலேயே தங்கிவிட்டவர்களின் கதை கொடியது: 1741இல் துனிஸின் ஆட்சியாளர் தீவைப் பிடித்து அவர்களை அடிமைகளாக்கினார்.

புது ஊரும் தப்பவில்லை. 1798இல் துனிஸ் கடற்கொள்ளையர் இரவில் இறங்கி, ஆண், பெண், குழந்தை என்று ஏறக்குறைய 900 பேரைப் பிடித்துப் போனார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1803இல்தான் மீட்பு. சிறைப்பட்டிருந்த காலத்தில் நிக்கோலா மொரேத்தோ என்ற அடிமை ஒரு மரச்சிலையைக் கண்டெடுத்தார். கப்பல் முகப்பில் பொருத்தும் உருவமாக இருக்கலாம் என்பர். அவர்களுக்கோ அது மாதா. அதைக் கையோடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 'அடிமையின் மாதா' என்ற பெயரில் இன்றும் கோயிலில் இருக்கிறது. நவம்பர் 15 திருவிழா.

அடுக்களையிலும் ஆப்பிரிக்கா இருக்கிறது. கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்துக் காய்கறிகளோடு கலந்து உண்ணும் 'கஸ்கா', வட ஆப்பிரிக்கக் கூஸ்கூஸேதான். சூரை மீன் பிடிக்கும் பெருவலையின் தலைவரை 'ராயிஸ்' என்பார்கள். அது அரபுச் சொல், தலைவன் என்று பொருள். பேச்சு மட்டும் ஜெனோவாப் பக்கத்து லிகூரிய மொழி. சுற்றிலும் சர்தீனிய மொழி ஒலித்தும் அது கரையவில்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? அமெரிக்கா அமெரிக்கர் ஆனதுபோல் தபர்க்கா 'தபர்க்கர்' ஆகும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் இன்று துனீசியாவின் தபர்க்காவில் வாழ்பவரும் தபர்க்கர்தானே? தொல்காப்பியம் நிலப்பெயர், குடிப்பெயர் என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறது. சோழியன் என்பது நிலத்தால் வந்த பெயர், மலையமான் குடியால் வந்த பெயர் என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. தபர்க்கீனோ நிலப்பெயராய்ப் பிறந்து, நிலம் கைவிட்டுப் போனபின் குடிப்பெயராய் நிலைத்த சொல். ஆகவே 'தபர்க்கா வழியினர்' என்பதே பொருந்தும் என்பேன். ஸ்பெயினின் அலிக்காந்தே அருகே நுவேவா தபார்க்கா தீவில் 1769 வாக்கில் குடியேறிய, மீட்கப்பட்ட தபர்க்கா அடிமைகளுக்கும் அது பொருந்தும். மொழியைக் குறிக்க 'தபர்க்கீனோ' என்றே விட்டுவிடலாம்.

கார்லோஃபோர்த்தே என்ற பெயரையும் அவர்கள் தங்களுக்குள் அதிகம் சொல்வதில்லை. தம் மொழியில் அதை 'உ பாய்ஸெ' என்பார்கள். 'ஊர்' என்று பொருள். 'ஊருக்குப் போறேன்' என்று நாம் சொல்கிறோமே, அந்த ஊர்.