சந்திப்பில் மறைந்துபோகும் மிதிவண்டிப் பாதை

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்காக என் மேசைக்கு வரும் வரைபடத்தில் புதிய மிதிவண்டிப் பாதை ஒன்று இருந்தால், அது எங்கே நின்றுபோகிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் அந்தப் பச்சைப் பட்டை நாற்சந்திக்குச் சற்று முன்பே மறைந்து, சந்திப்பைக் கடந்த பிறகுதான் மறுபடி தலைகாட்டும். இடைப்பட்ட பகுதியில் மிதிவண்டியில் வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று எந்தக் கோடும் சொல்லாது. காரணம் கேட்டால், திரும்பும் வாகனங்களுக்குக் கூடுதல் தடம் தேவைப்பட்டது, ஆகவே இடமில்லை என்பார்கள். நகருக்குள் மிதிவண்டிகள் மோட்டார் வாகனங்களோடு மோதும் விபத்துகளில் பெரும்பகுதி சந்திப்புகளிலும் திருப்பங்களிலும்தான் நடக்கின்றன. அந்த இடத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, நேரான சாலையில் பல கிலோமீட்டருக்கு வண்ணம் பூசுவதால் கணக்கில் நீளம் கூடும், பயன் சொற்பம்.

விபத்து நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வாகனங்கள் இடப்புறமாக ஓடும் ஒரு சாலையில், சிவப்பு விளக்குக்காக நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் ஒரு மிதிவண்டி வந்து நிற்கிறது. பச்சை விழுந்ததும் மிதிவண்டி நேராகப் புறப்பட, லாரி இடப்புறம் திரும்புகிறது. உயரத்தில், வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்பக்கக் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி நிற்பவர் நேரடியாகத் தெரியமாட்டார். போதாக்குறைக்கு, நீளமான வாகனம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியே போகாமல் உட்புறமாக வெட்டிச் செல்லும். முன்பகுதி தன்னைத் தாண்டிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்தவர், விளிம்புக்கல்லுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சிக்கிக்கொள்வது இப்படித்தான். இத்தகைய விபத்துகளை ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து கண்ணாடிகளின் துணையின்றி எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதன்படி தரம் பிரிக்கப்பட்டு, 2021 முதல் அதற்கேற்பவே அனுமதிக்கப்படுகின்றன. பார்வை மறைவது வாகன வடிவமைப்பின் குறை என்று ஒரு நகரம் சட்டபூர்வமாக ஒப்புக்கொண்டதாகவே நான் இதைக் கொள்கிறேன்.

சாலை வடிவமைப்பில் இதற்குரிய விடை நெதர்லாந்தில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் சிறிய திட்டு ஒன்றைக் கட்டி, மிதிவண்டிகள் கடக்கும் இடத்தை ஏறத்தாழ ஒரு காரின் நீளத்துக்கு உள்ளே தள்ளி அமைக்கிறார்கள். திரும்பும் வாகனம் அந்தத் திட்டைச் சுற்றி வந்தே ஆக வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறைகிறது. கடக்கும் இடத்தை அடையும்போது வாகனம் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்பதால், மிதிவண்டியில் வருபவர் பக்கக் கண்ணாடியில் அல்லாமல் முன்கண்ணாடி வழியாகவே தெரிகிறார். வழிவிட்டுக் காத்திருக்கும் காருக்கும் பின்னால் வருபவர்களை மறிக்காமல் நிற்க இடம் கிடைக்கிறது. இவ்வளவு கட்ட வசதியில்லாத இடங்களில், மிதிவண்டிகளுக்கான நிறுத்தக் கோட்டை மற்ற வாகனங்களுக்குச் சில மீட்டர் முன்னால் போட்டு, அவர்களுக்குப் பச்சை விளக்கைச் சில விநாடிகள் முன்னதாகக் கொடுத்தாலே, லாரி நகரத் தொடங்கும்போது அவர்கள் ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்பார்கள்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பு உடனே கிளம்பும். 50-க்கும் 30-க்கும் அப்படி என்ன வேறுபாடு என்பார்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் சுமார் 8 மீட்டர் ஓடி, உலர்ந்த சாலையில் மேலும் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, முதல் கார் முற்றாக நின்றுவிட்ட இடத்தை, இரண்டாவது கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே முழு வேகத்தில் தாண்டியிருக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இலேயே முதன்மைச் சாலைகள் நீங்கலாக நகர் முழுவதையும் 30 கி.மீ. எல்லைக்குள் கொண்டுவந்தது, ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரச் சாலைகளுக்கு ஸ்பெயின் 2021-இல் நாடு முழுவதும் அதையே விதித்தது. வேகத்தைக் குறைத்து, நகர மையத்தில் சாலையோர வாகன நிறுத்தங்களையும் நீக்கிய ஆஸ்லோவில், 2019-ஆம் ஆண்டில் நடந்து சென்றவரோ மிதிவண்டியில் சென்றவரோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை.

தலைக்கவசம் அணிந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அணிவது நல்லதே. ஆனால் மிதிவண்டித் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில் அது சமதளத்தில் மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கி.மீ. மட்டுமே, தானாகக் கீழே விழுவதை மனத்தில் கொண்டு அமைந்த சோதனை அது, லாரியின் எடைக்கானது அன்று.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி வெறும் கோட்டால் போடப்படும் பாதை எனக்கு எப்போதும் கவலை தருவது. திறக்கும் கதவு அந்தப் பாதையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். மிதிவண்டியில் வருபவர் அதை மோதுவார், அல்லது விலகிப்போய்ப் பின்னால் வரும் வாகனத்தின் முன் விழுவார். கதவுப் பக்கத்துக் கையை விட்டு, மறு கையால் கதவைத் திறக்கும் பழக்கம் வந்தால் உடல் திரும்பி, கண்ணும் பின்னால் போகும். ஆனாலும் பழக்கத்தை மட்டும் நம்பாமல், நிறுத்தத்துக்கும் பாதைக்கும் இடையே கதவளவு இடைவெளி விடுவதே முறை. மழைநீர் வடிகாலின் கம்பித் தட்டியையும் சொல்லியாக வேண்டும்: கம்பிகள் மிதிவண்டி போகும் திசையிலேயே இருந்தால் மெல்லிய சக்கரம் இடுக்கில் இறங்கி, ஓட்டியவர் தலைகுப்புற விழுவார். குறுக்காகத் திருப்பி வைக்கப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை.

தனித்தனித் துண்டுகளாகப் பாதை போட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்று கைவிடும் நகரங்கள் உண்டு. ஸ்பெயினின் செவியா நகரம், 2000-களின் பிற்பகுதியில், சில ஆண்டுகளுக்குள் சுமார் 80 கி.மீ. பாதையை ஒன்றோடொன்று இணைத்து, வாகனங்களிலிருந்து பிரித்தே கட்டியது. பெரும்பாலும் வாகன நிறுத்தங்களிலிருந்தே இடம் எடுக்கப்பட்டது. அதுவரை அரிதாகவே கண்ணில்பட்ட மிதிவண்டி அங்கே அன்றாட வாகனமாயிற்று. புதிதாக வருபவர் தன் பயணத்தின் மிக மோசமான சந்திப்பை வைத்தே வீட்டிலிருந்து புறப்படலாமா என்று முடிவு செய்கிறார். பிள்ளையைத் தனியாக அனுப்பும் பெற்றோரும் அப்படித்தான்.

மூலையைக் குறுக்கினால் பேருந்தும் தீயணைப்பு வண்டியும் திரும்ப முடியாது என்பது கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மூலைத் திட்டின் வெளிவிளிம்பைத் தாழ்வாகவும் சொரசொரப்பாகவும் அமைத்துவிட்டால், பெரிய வாகனத்தின் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும். கார் ஓட்டுபவர் அதைத் தவிர்த்து மெதுவாகச் சுற்றிப் போவார். கான்கிரீட் போடுவதற்கு முன் ரப்பர் விளிம்புகளையும் வளையும் கம்பங்களையும் வைத்துச் சில வாரங்கள் பார்க்கலாம். உண்மையான தீயணைப்பு வண்டியையே வரவழைத்து ஓட்டச் சொல்லி, சக்கரம் உரசும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, திட்டை ஒரு சாண் உள்ளே தள்ள வேண்டுமானால் அப்போதே தள்ளிக்கொள்ளலாம்.