சாயம் போவதற்காகவே காசு கொடுக்கும் துணி

தங்கை மகள் ஃபேஷன் டிசைன் முதல் ஆண்டு படிக்கிறாள். இந்த செமஸ்டரில் அவளுக்கு வந்த பிராஜெக்ட், பழைய ஜீன்ஸைப் பிரித்து வேறு ஒன்றாகத் தைப்பது. தைத்தது எந்த விதத்தில் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று இரண்டு பக்கம் எழுதுவது. நாலு ஜீன்ஸைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் குகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வேதியியல் ஆசிரியை. அந்த இரண்டு பக்கத்துக்கு நான்தான் கிடைத்தேன்.

ஆனால் அவள் முதலில் கேட்டது பிராஜெக்டில் இல்லாத கேள்வி. ஈரக் கைக்குட்டையால் ஒரு ஜீன்ஸின் தொடைப் பக்கத்தைத் தேய்த்துக் காட்டினாள். கைக்குட்டை நீலமானது.

"அம்மா வாங்கின சேலையில இப்படி சாயம் ஒட்டுச்சுன்னா கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிடுவாங்க. இதை மட்டும் ஏன் பெரியம்மா மூவாயிரம் குடுத்து வாங்குறோம்?"

ஜீன்ஸ் பற்றி இதைவிட நல்ல கேள்வி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதன் அழகும் அது செய்யும் கேடும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன: அதன் சாயம் சரியாகப் பிடிப்பதில்லை.

இன்று லுங்கிக்கும் சட்டைத் துணிக்கும் போடும் பெரும்பாலான சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்பவை. துவைத்தால் எளிதில் போகாது. ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோ அப்படிப் பிணைவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அது தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத பொடியைத் தண்ணீரில் போட்டு நூலை முக்கினால், சேற்றில் முக்கியதுபோல மேலே ஒட்டிக்கொண்டு வரும், அலசினால் போய்விடும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. அதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா இதே தெருவில் சின்ன சாயப்பட்டறை வைத்திருந்தார். சேலைக்குப் போகும் சிட்டா நூலை வாட் சாயத்தில் முக்குவார். தொட்டியில் முதலில் காஸ்டிக் சோடா என்ற காரம் விழும், அப்புறம் ஹைட்ரோஸ். தீக்குச்சியை அணைத்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாடை தெரு முனை வரைக்கும் வரும். ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். அது சாய மூலக்கூறுக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட மூலக்கூறு உருமாறி, காரத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. இண்டிகோவும் இந்த இனம்தான். கரையும்போது அதன் நீலமும் காணாமல் போய் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம் வரும். அந்த நிலையில் நூலுக்குள் நுழையும். நூலை வெளியே தூக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். பச்சை நூல் கண் முன்னால் நீலமாகும். மூலக்கூறு மறுபடி கரையாத பொருளாகி, நுழைந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். பிணைப்பு இல்லை, வெறும் சிக்கல்தான்.

ஜீன்ஸ் துணியான டெனிமின் நூலுக்கு இதை ஆலையில் ஓட்டமாகச் செய்கிறார்கள். முன்னூறு, நானூறு இழைகளைக் கயிறுபோலத் திரட்டித் தொட்டியில் சில நொடிகள் முக்குவது, மேலே ஏற்றிக் காற்றில் ஓடவிடுவது, மறுபடி முக்குவது என்று ஆறு, எட்டு சுற்றுகள். முக்கும் நேரம் குறைவு. காரத்தையும் பிஎச் 11 பக்கத்தில் பிடித்து வைப்பார்கள். அதனால் சாயம் நூலின் ஓரத்தில் நின்றுவிடும், நடுவுக்குப் போகாது. டெனிம் நூலைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெட்டிய கத்திரிக்காய் மாதிரி இருக்கும்: தோல் நீலம், உள்ளே வெள்ளை. அப்பாவிடம் இப்படி ஒரு சிட்டாவைக் கொடுத்திருந்தால் 'சாயம் இறங்கலை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இந்த நூல் நீளவாக்கில் ஓடும் பாவுக்கு மட்டும் போகும். குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று ஓடுவதால் முன்பக்கம் நீலமும் உள்பக்கம் வெளுப்பும் தெரிகின்றன. முட்டி மடங்கும் இடம், பர்ஸ் வைக்கும் பாக்கெட், தொடை என்று உரசும் இடத்திலெல்லாம் கத்திரிக்காய்த் தோல் உரிந்து உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வருகிறது. நாலு ஜீன்ஸில் ஒன்றின் பின் பாக்கெட்டை அவள் பிரித்தபோது அடியில் கருநீலத்தில் அச்சு அசலாக ஒரு பாக்கெட் வடிவம் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிப் போக, அந்தத் துண்டு மட்டும் கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது.

சாயத்தை நூலில் ஏற்ற ஒரு பாடு என்றால், வாங்குகிறவர் போடுவதற்கு முன்பே அதை இறக்க இன்னொரு பாடு. எனக்கு இந்தத் தொழிலில் ஒப்பாத இடம் இதுதான். தானாகப் போகிற சாயத்தை மெனக்கெட்டு ஏற்றி, உடனே காசு செலவழித்துப் போக்குகிறோம்.

ஏற்றுவதில் கேடு ஹைட்ரோஸால் வருகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த பிறகு அது சல்ஃபைட், சல்ஃபேட் உப்புகளாகிக் கழிவுநீரில் சேரும். சல்ஃபேட் சிமென்ட் குழாயையே அரிக்கும். காஸ்டிக்கும் கூடவே போகும். பாவுக்குப் போடும் கஞ்சி இன்னொன்று. தறியில் இழை அறாமலிருக்க மாவுக் கஞ்சி போடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சேலத்து மரவள்ளி மாவு ஜவ்வரிசிக்குப் போவதுபோல ஜவுளிக் கஞ்சிக்கும் போகிறது. நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சி முழுவதையும் கழுவ வேண்டும். மாவு விஷம் இல்லைதான். ஆனால் ஓடையில் கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாறு நுரை பொங்கி ஓடிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.

சாயத்தை இறக்குவதில் முதலில் வந்தது கல். 1970களில் எரிமலை நுரைக்கல்லை ஜீன்ஸோடு போட்டு மெஷினில் சுற்றினார்கள். கல் துணியைத் தேய்த்தது, மெஷின் டிரம்மையும் தேய்த்தது, தானும் தேய்ந்து சேறாகிச் சாக்கடையை அடைத்தது. அப்புறம் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். நுண்ணிய சிலிக்காத் தூசு தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து, பல இளைஞர்கள் சிலிக்கோசிஸ் வந்து செத்தார்கள். துருக்கி 2009இல் அதைத் தடை செய்தது. தொடையில் வெளிர் மேகம்போலத் தெரிவதற்காகப் பொட்டாசியம் பர்மாங்கனேட் அடிப்பதும் உண்டு.

கல்லுக்கு மாற்று எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று மக்கின. மக்கிய துணியில் இருந்த பூஞ்சையை எடுத்துப் போய் ஆராய்ந்தார்கள். பருத்தியின் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியை அது ஏராளமாகச் சுரந்தது. ஆராய்ந்தவர்களில் ஒருவரான எல்வின் ரீஸின் பெயரால் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசை என்று பெயர். கூடாரத்தைத் தின்ற அதே நொதி 1980களின் கடைசியில் ஜீன்ஸ் சலவைக்கு வந்தது. நொதி மூலக்கூறு பெரியது. நூலுக்குள் எளிதில் நுழையாது. மேலே இருக்கும் நுண்ணிழைகளை மட்டும் வெட்டித் தளர்த்தும். மெஷினில் உரசும்போது அவை இண்டிகோவையும் சுமந்துகொண்டு உதிரும். சாயம் நூலின் ஓரத்தில் நின்றது இங்கேதான் வசதியாகிறது. நேரத்தோடு சூட்டைக் கூட்டியோ காரம் சேர்த்தோ நொதியை நிறுத்தாவிட்டால் அது துணியையே பலவீனமாக்கும். போர்க்காலப் பழக்கம் விடுமா!

இப்போது லேசரும் ஓசோனும் வந்திருக்கின்றன. லேசர் மேல்பரப்பை மட்டும் சூடாக்கிச் சாயத்தைப் போக்கும். ஓசோன், இண்டிகோ மூலக்கூறின் நடுவில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை உடைக்கும். அது உடைந்தால் நீலம் இல்லை. இரண்டுக்கும் தண்ணீர் அதிகம் தேவையில்லை.

ஏற்றும் பக்கத்துக்கு வருவோம். பெண்ணுக்கு ஹைட்ரோஸ் இல்லாமல் இண்டிகோ முக்கிப் பார்க்க ஆசை. சுண்ணாம்பும் வெல்லமும் போதும் என்று எங்கோ படித்திருந்தாள். படித்தது சரிதான். சுண்ணாம்பு காரத்தைக் கொடுக்கும், சர்க்கரை எலக்ட்ரானைக் கொடுக்கும். எங்கள் மொட்டை மாடியில் ஒரு மூடி போட்ட பக்கெட். சேலத்து ஏப்ரல் வெயில் இருக்க அடுப்பு எதற்கு?

முதல் முறை நீலமே வரவில்லை. இண்டிகோ தரும் செடி அவுரி. நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி வாங்கி வந்திருந்தாள். அது தலைக்குப் பூசும் இலைப்பொடி; அதில் நிறம் மிகக் குறைவு. சாயத்துக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, தண்ணீரை அடித்துக் காற்றேற்றி, அடியில் படியும் நீலத்தைக் காயவைத்த கட்டி. அது கிடைத்த பிறகு இரண்டாம் முறை. வீட்டில் வெல்லம் தீர்ந்திருந்ததால் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் ஆகியும் தண்ணீர் கருநீலமாகவே நின்றது. வெள்ளைச் சர்க்கரை சுக்ரோஸ். அதன் இரண்டு பாதிகளும் வினைபுரியும் முனைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் குணம் இல்லை. வெல்லத்தில் அந்தச் சுக்ரோஸ் கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரிந்திருக்கும். அவைதான் வேலை செய்பவை. கனிந்துபோன வாழைப்பழம்கூட வேலை செய்யும்.

மூன்றாம் முறை வெல்லம் வாங்க நானே போனேன். கறுத்த வெல்லமாகப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. மஞ்சளாக மினுங்கும் வெல்லம் வேண்டும் என்று நாம் கேட்பதால்தான், சர்க்கரையையும் வெளுப்பதற்கு ஹைட்ரோஸையும் கலந்து ஆலைகள் பிடிபடுகிற செய்தி சேலத்தில் அடிக்கடி வருகிறது. ஹைட்ரோஸை ஒழிக்கக் கிளம்பியவள் அதையே வெல்லத்தில் வாங்கி வந்திருப்பாள்!

இந்தக் கறுத்த வெல்லம் ஏமாற்றவில்லை. மறுநாள் பக்கெட்டின் மேலே பாலாடைபோலச் செம்பு நிறப் படலம், அடியில் மஞ்சள்பச்சைத் தண்ணீர்.

அவளுடைய முதல் தோல்வியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருந்தது. தலைக்கு அவுரி பூசுகிறவர்கள் ஹைட்ரோஸ் சேர்ப்பதில்லையே, முடி எப்படிக் கறுக்கிறது? இலையில் இருப்பது இண்டிகோ அல்ல, இண்டிகன். ஒரு சர்க்கரைத் துண்டு மாட்டிய, தண்ணீரில் கரையும் பொருள். பொடியை நனைத்ததும் இலையிலுள்ள நொதி அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். மிஞ்சும் சின்ன மூலக்கூறு முடிக்குள் போய், காற்று பட்டு இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோ ஆகிறது. நீலம் உள்ளே போய்ப் பிறக்கிறது. அதைக் கரைக்க வேண்டிய தேவையே இல்லை. டெனிமுக்கும் இதே வழியைச் சோதிக்கிறார்கள்: நூலில் இண்டிகனை ஏற்றி, நொதியாலோ ஒளியாலோ சர்க்கரையை வெட்டி, நூலிலேயே நீலத்தை உருவாக்குவது. 2024இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இரண்டு வழியிலும் டெனிம் நூலுக்குச் சாயமேற்றிக் காட்டினார்கள். ஆலை அளவில் இது மலிவாக வருமா என்பதுதான் கேள்வி. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் (BASF) நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்கத் தொடங்கிய பிறகு அவுரி வயல்கள் அழிந்ததும் விலையால்தான்.

இரண்டு பக்கத்தில் 'என் ஜீன்ஸ் இயற்கை சாயம் போட்டது, அதனால் பசுமையானது' என்று எழுதியிருந்தாள். அடிக்கச் சொன்னேன். லீவைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கில் ஒரு ஜீன்ஸின் ஆயுள் முழுவதற்கும் 3,781 லிட்டர் தண்ணீர். அதில் 68 சதவீதம் பருத்தி வயலிலும் 23 சதவீதம் வாங்கியவர் துவைப்பதிலும் போகிறது. சாயம் கெடுப்பது தண்ணீரின் தரத்தை. அளவைக் குடிப்பது பருத்தி. அதனால் ஏற்கெனவே நெய்த துணியைக் குப்பைக்கு விடாமல் பயன்படுத்துவது சாயத்தை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. ஆனால் நாலில் இரண்டு ஜீன்ஸ் குறுக்கே இழுத்தால் நீளுகிற ரகம். ஊடை நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகிறது, நடுவில் இருக்கும், ரப்பர்போல நீளும் எலாஸ்டேன் இழை உருகி மணியாகிறது. இந்தக் கலவையைப் பிய்த்து மறுபடி நூலாக்குவது கடினம். அப்படியே தைத்துப் போடுவதுதான் அதற்குக் கதி.

வெட்டும்போது அவள் செய்த ஒரு வேலைக்கு எனக்குத் தெரிந்த எந்த வேதியியலும் தேவைப்படவில்லை. ஜீன்ஸின் கால் பாகம் மேலே அகலம், கீழே குறுகல். பிரித்த கால்களை ஒன்று தலைகீழ், ஒன்று நேராக என்று மாற்றி மாற்றி அடுக்கினாள். ஓரங்கள் பொருந்தி, லுங்கித் துணிபோல நீளச் சதுரமாக வந்தது. துண்டு விழவில்லை. அதில்தான் கையில்லாத நீள மேலங்கி. நாலு விதமாக வெளுத்த துண்டுகளையும் ஒரே பக்கெட்டில் முக்கித் தூக்கினாள். வெயிலில் பச்சை நீலமாவதைப் பார்க்கப் பக்கத்து மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வெளுத்த இடங்கள் நடுத்தர நீலமாயின. பாக்கெட் அச்சு இன்னும் கறுத்து முதுகில் நின்றது. அதை மறைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மேலங்கி கல்லூரிக்குப் போய்விட்டது, மதிப்பெண் இன்னும் வரவில்லை. பக்கெட் என் மாடியில்தான் இருக்கிறது. மூடியை அடிக்கடி திறக்கக்கூடாதாம், வேகமாகக் கலக்கினால் காற்றுப் புகுந்து கெட்டுவிடுமாம், இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு துண்டு வெல்லம் போட வேண்டுமாம். போட்டுக்கொண்டிருக்கிறேன்.