ஸ்டுடியோ ஆல்பம்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கு ஒரு பெயரும்

கோவையிலோ ஈரோட்டிலோ 'ஸ்டுடியோ ஆல்பம்' என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல்யாண ஆல்பம்தான். "ஸ்டுடியோவுல இருந்து ஆல்பம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டால் முகூர்த்தப் படங்கள் ஒட்டிய கனத்த புத்தகத்தைக் கேட்கிறார்கள். இசை உலகில் பொருள் வேறு. ஒரு பாடகரோ இசைக்குழுவோ ஒன்றாக வெளியிடுவதற்கென்றே ஒலிப்பதிவுக்கூடத்தில் புதிதாகப் பதிவு செய்த பாடல்களின் வரிசைதான் ஸ்டுடியோ ஆல்பம். மேடைக் கச்சேரியின் பதிவும், பழைய பாட்டுகளில் பொறுக்கியெடுத்த தொகுப்பும் இதில் சேராது.

இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் பொது அறிவிப்புகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிய வெற்றேட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம் தபால்தலை, புகைப்படம்.

இசைக்கு அது வந்த வழிதான் எனக்குப் பிடித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் அடங்கும். நீளமான இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் செருகி, புகைப்பட ஆல்பம் போலவே அட்டை கட்டி விற்றார்கள். 1909-இல் ஓடியன் என்ற இசைத்தட்டு நிறுவனம் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் இசையை 4 தட்டுகளாக இப்படி வெளியிட்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனத்தின் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்ததும் பத்துப் பன்னிரண்டு பாட்டு ஒரே தட்டில் அடங்கிவிட்டது. உறைப் புத்தகம் போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

தமிழில் அது இன்னும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டைக்கூட 'ஆல்பம் பாட்டு' என்கிறோம். கோவைக்காரரான ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா 2012-இல் வெளியிட்ட 'ஹிப்ஹாப் தமிழன்' பல பாட்டுகள் சேர்ந்த முழு ஆல்பம். அதுதான் சொல்லின் சரியான பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இசைத்தொகுப்பு' என்றே பரவலாக எழுதுகிறோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஏற்கெனவே இருப்பதைச் சேர்ப்பதுதான் தொகுத்தல். பல புலவர்கள் பாடிய தனிப்பாட்டுகளைச் சேர்த்த குறுந்தொகை அப்படி. விற்பனைக் கணக்குப் பேசும்போது இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் 10 லட்சம் விற்பனைக்கான பிளாட்டினம் சான்று தொடங்கியபோது அதை முதலில் பெற்றது ஈகிள்ஸ் குழுவின் பழைய பாட்டுகளின் தொகுப்பு. மறு ஆண்டு ஃப்ளீட்வுட் மேக் குழு வெளியிட்ட 'ரூமர்ஸ்' முழுக்கப் புதிய பாட்டுகள். அங்கே ஆல்பம் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டையும் 'இசைத்தொகுப்பு' என்றால் எது புதிதாகப் பிறந்தது என்று வாசகருக்குத் தெரியாது.

நம் இலக்கியத்தில் ஸ்டுடியோ ஆல்பத்துக்கு மிக நெருங்கியது பதிற்றுப்பத்து. புலவர் ஒவ்வொருவரும் ஒரு சேர மன்னனைப் பத்துப் பாட்டில் பாடிய சங்க நூல் அது. ஏழாம் பத்தைப் பாருங்கள்: பாடியவர் கபிலர், பாடப்பட்டவர் செல்வக்கடுங்கோ வாழியாதன், பாட்டு பத்து. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, துறை (பாட்டின் பொருள்), வண்ணம் (சந்தம்), தூக்கு (பா வகை) என்று இசைத்தட்டின் பின்னட்டை போலக் குறிப்பு உண்டு. கபிலர் பெற்ற நூறாயிரம் காணம் (பொற்காசு) பரிசும் பத்தின் முடிவில் வரும் பதிகத்தில் பதிவாகியிருக்கிறது.

'பத்து' என்றே பெயர் வைக்க ஆசைதான். ஆனால் ஆல்பத்தில் பாட்டு எட்டும் இருக்கும், பதினாலும் இருக்கும். ஆகவே என் தேர்வு 'இசையேடு'. ஏடு என்பது எழுதாத ஓலைக்கும் பெயர், எழுதி முடித்த நூலுக்கும் பெயர். ஈகிள்ஸ் வெளியிட்டது போன்ற தொகுப்புக்கு 'இசைத்தொகை', லைவ் ஆல்பத்துக்கு 'மேடைப் பதிவு', ஒற்றைப் பாட்டுக்கு 'தனிப்பாட்டு' என்று வைத்துக்கொள்ளலாம்.