மோவர் டயருக்குச் செயின் வாங்கும் முன்

ஜூன் மழை பிடித்ததும் ஊட்டிப் பக்கமிருந்து, அக்டோபர் பிறந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷினான ரைடிங் மோவரைப் பற்றி எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணே, ரைடிங் மோவர் சரிவுல வழுக்குது. டயருக்குச் செயின் போட்டா சரியாகிடுமா?"

புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: செயின் போட்டால் பிடிமானம் கூடும். கவிழும் ஆபத்து துளியும் குறையாது. சொல்லப்போனால், முன்பு வழுக்கி நின்றுபோன இடத்தில் இப்போது வண்டி தைரியமாக ஏறிவிடும். ஏறிய பிறகுதான் சிக்கல்.

இந்தச் செயின்கள் பனி கொட்டும் ஊர்களுக்காக வந்தவை. அமெரிக்கா, கனடாவில் குளிர்காலம் வந்தால் மோவரின் அடியில் பிளேடை மூடியிருக்கும் டெக்கைக் கழற்றிவிட்டு, முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பூட்டிக்கொண்டு அதே வண்டியை ஓட்டுவார்கள். நம் மலையில் விழுவதோ உறைபனி. அது விழுந்த காலையில் சும்மா நடந்தாலே புல்லில் கால் தடம் கருகி நிற்கும். அதன்மேல் செயின் டயரை ஏற்றுவானேன்? மழையில் ஊறிய லானிலும் அப்படித்தான், ஒரு திருப்பத்தில் புல் மண்ணோடு பெயர்ந்து வரும். எனக்குத் தெரிந்து இங்கே செயினுக்கு உருப்படியான வேலை ஒன்றுதான்: மழைக்காலத்தில் எஸ்டேட் மண்பாதையில் எருவோ விறகோ ஏற்றிய சின்ன டிரெய்லரை இழுப்பது.

அதற்குத்தான் என்றால் வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் 20x8.00-8 என்பதுபோல எழுதியிருக்கும். டயரின் உயரம் 20 அங்குலம், அகலம் 8, ரிம் 8 என்று அர்த்தம். மூன்று எண்ணும் செயினோடு ஒத்துப்போக வேண்டும். ரிம்மை மட்டும் சொல்லி வாங்கினால் தொளதொளவென்று ஆடும். டயரின்மேல் குறுக்காகப் படியும் குறுக்குச் செயின், பக்கவாட்டுச் செயினின் இரண்டு லிங்குக்கு (வளையத்துக்கு) ஒன்றாக வருவதும் உண்டு, நான்கு லிங்குக்கு ஒன்றாக வருவதும் உண்டு. விலை கூடினாலும் முதல் வகையே நல்லது. நான்கு லிங்க் வகையில் இடைவெளி அதிகம், வண்டி தடக் தடக்கென்று குதிக்கும்.

வாங்கும் முன் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் டெக்குக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலமாவது இடம் வேண்டும். டெக் இடித்தால் அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். எப்படியும் செயினோடு பிளேடைச் சுற்றவிடாதீர்கள். அறுந்த லிங்க் ஒன்று பிளேடில் பட்டால் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மாட்டும்போது குறுக்குச் செயினின் கொக்கி முனைகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். உள்ளே திரும்பியிருந்தால் டயரை அறுத்துவிடும். பின்சக்கரம் இரண்டிலும் போடவேண்டும். "ஒண்ணு மட்டும் போதுமே" என்பவர்களும் இருக்கிறார்கள். போடாத சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பத்தடி ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

சரி, சரிவுக்கு வருவோம். பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்றுதான் இருக்கும். பத்தடி தூரத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் அடி ஏற்றம், அவ்வளவுதான். நம்மூர் பங்களாக்களின் பின்பக்க மேடுகள் பல இதைத் தாண்டியவை. செல்போனிலேயே சரிவு அளக்கும் ஆப் இருக்கிறது. நேரான பலகை ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் போனை வையுங்கள். அளவுக்குள் இருந்தாலும் ரைடிங் மோவரை மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். தள்ளிக்கொண்டு போகும் மோவருக்கு இது நேர்மாறு, அதைக் குறுக்கேதான் தள்ளவேண்டும். இறங்கும்போது கியரை நியூட்ரலில் விடவே கூடாது.

15-ஐத் தாண்டிய மேட்டுக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதும். செயினுக்குச் செலவழிக்கும் காசை அதில் போடலாம். கொஞ்சம் மழை விட்டு, புல் காய்ந்த பிறகு ஆளை அனுப்புங்கள். கம்பூட்டும் கண்ணாடியும் கொடுத்து.