திருகோணமலைக்கு வரும் முதலீடுகள்: சட்டப்படி நாம் எதைக் கேட்கலாம், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

திருகோணமலையில் பெரிய முதலீடு பற்றிய பேச்சு ஓய்ந்ததே இல்லை. சீனன்குடாவில் உள்ள 99 எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பாக 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. சம்பூரில் முதலில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். இப்போது அங்கே 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டம். அதன் தொடக்க நிகழ்வு 2025 ஏப்ரலில் நடந்தது. உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை கரையோரத்தில் ஹோட்டல்கள். இவை தவிர துறைமுகம், வீதி, இறால் பண்ணை என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும்.

2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. முதலீடு வேண்டும், வேலை வேண்டும், மலிவான மின்சாரம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கரைவலைப் பாட்டையும் (கரையில் நின்று வலை இழுக்கும் இடம்) மேய்ச்சல் தரையையும் களப்பையும் நம்பிச் சீவிக்கும் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு திட்டம் வந்தால், அதன் இலாபம் எங்கு போனாலும் நட்டம் அந்தக் குடும்பங்களின் தலையில்தான் விழும். அவர்களைக் கேட்க வேண்டும் என்று இலங்கைச் சட்டமே சொல்கிறது. பல இடங்களில் சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கும் வைத்திருக்கிறது. அந்த நாட்கள் நமக்குத் தெரியாமலே கடந்துபோவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது.

தொடங்க 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் விண்ணப்பம் போட்டுத் தகவல் கேட்பதுதான் எல்லாருக்கும் நினைவு வரும். அதே சட்டத்தின் 9ஆவது பிரிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம்முடைய மாவட்டத்துக்கு மிகவும் தேவையான பிரிவு அதுதான் என்பேன்.

அது சொல்வது இதுதான். ஒரு திட்டம் தொடங்குவதற்கு 3 மாதம் முன்னதாக, அந்த விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் தன்னிடம் உள்ள தகவல்கள் அனைத்தையும் பொதுமக்களுக்கும், குறிப்பாக அந்தத் திட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். எல்லாத் திட்டத்துக்குமா? வெளிநாட்டு நிதியில் வருவதென்றால் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டவை, உள்நாட்டு நிதி என்றால் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டவை. 5 இலட்சம் ரூபா என்பது இன்றைக்கு ஒரு சின்ன வடிகான் வேலைக்கே காணாது. ஆகவே ஊருக்குள் வரும் அரச திட்டங்களில் அநேகமானவை இதற்குள் அடங்கும். அவசரத் திட்டம் என்றால் ஒரு வாரம் முன்பு சொன்னால் போதும். ஆனால் அந்த அவசரத்துக்கான காரணத்தைத் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் இன்றைய நிலை என்ன என்று பிரஜை ஒருவர் எழுத்தில் கேட்டால் கொடுக்க வேண்டும்.

நமக்கு யாரும் 3 மாதம் முன்பு சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சரி, அப்படியானால் அதையே கேள்வியாக எழுதுங்கள்: “இந்தத் திட்டம் பற்றி 9ஆம் பிரிவின் கீழ் எந்தத் திகதியில், எந்த வழியில், எந்த மொழியில் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது? அந்த அறிவித்தலின் பிரதி தருக.” பிரதேச செயலகம், பிரதேச சபை, திணைக்களம், அமைச்சு என ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரிடம் கொடுக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தனி ஆள் பெயரில் கொடுக்கத் தயக்கமா? உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள எந்தச் சங்கமும் விண்ணப்பிக்கலாம். மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எதுவாகவும் இருக்கலாம். சங்கத்தின் பெயரில் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஒரு மீனவரோ விதவைத் தாயோ தனியாக நின்று பதில் சொல்லவேண்டிய நிலை வராது.

கொடுத்த கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். நாள் எண்ணத் தொடங்குவது அங்கேதான். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு 3 வார அவகாசம் உண்டு. அதிலும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்வதால் தமிழிலேயே பதிலும் கேளுங்கள்.

சுற்றாடல் அறிக்கையும் 30 வேலை நாட்களும்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்த சில வகைத் திட்டங்கள் சுற்றாடல் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது என்று ஆனது. எந்தெந்தத் திட்டங்கள் என்பதை 1993 ஜூன் 24ஆம் திகதிய வர்த்தமானி பட்டியலிட்டது. நமக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க சக்தி மின்நிலையங்கள், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையங்கள், 99 அறைகளுக்கு அல்லது 40 ஹெக்டெயருக்கு மேற்பட்ட ஹோட்டல்கள், 4 ஹெக்டெயருக்கு மேற்பட்ட இறால், மீன் வளர்ப்புத் திட்டங்கள், மீன்பிடித் துறைமுகங்கள், 50 ஹெக்டெயருக்கு மேல் காணி துப்புரவாக்குவது, 1 ஹெக்டெயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 4 ஹெக்டெயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவது, 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்துக் குடியேற்றுவது. ஒதுக்குக் காடு போன்ற உணர்திறன் மிக்க இடங்களிலோ அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள்ளோ வந்தால், பட்டியலில் உள்ள திட்டத்துக்கு இந்த அளவு வரம்பு பார்க்கப்படாது.

தாக்கம் பெரிதாக இருக்கும் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு, குறைவானதற்கு ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என இரண்டு வகை அறிக்கைகள் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். 30 வேலை நாட்களுக்கு அறிக்கை மக்கள் பார்வைக்கு இருக்கும். அதற்குள் யாரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். தேவையென்று அதிகாரிகள் கருதினால் பகிரங்க விசாரணையும் வைக்கலாம். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆரம்ப பரிசோதனை அறிக்கைக்கு இந்தக் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. அது பகிரங்க ஆவணம், போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஒரு திட்டம் காதில் விழுந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அறிக்கை கேட்கப்பட்டிருக்கிறது என்பது.

30 வேலை நாள் என்பது ஏறத்தாழ ஆறு வாரம். பத்திரிகையின் ஒரு மூலையில் வரும் அறிவித்தல் ஈச்சிலம்பற்றிலோ மூதூரிலோ ஒருவர் கண்ணில் படுவதற்குள் பாதி போய்விடும். பிறகு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். அதை முழுக்கப் படிக்க வேண்டும் என்று பயந்து விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் பாருங்கள். கணக்கு அங்கேதான் பிழைக்கும். பட்டி மாடு மேயும் இடம் பயன்பாடற்ற பற்றைக்காடு என்று எழுதப்பட்டிருக்கலாம். பெண்கள் மட்டி எடுக்கும் களப்போரம் மீன்பிடித் தொழில் பற்றிய அட்டவணையில் இல்லாமலே போகலாம், ஏனென்றால் அவர்களுக்குப் படகும் இல்லை, பதிவும் இல்லை. மாரியில் தண்ணீர் வழிந்தோடும் வழி கோடையில் வந்து அளந்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

“இத்திட்டத்தை எதிர்க்கிறோம்” என்று ஒரே வசனத்தில் நூறு கையெழுத்து வைத்து அனுப்புவதை விட, விபரம் எழுதிய இரண்டு பக்கம் பலமானது. எந்தக் கரைவலைப் பாடு, எத்தனை குடும்பம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை தொழில், வாடி எங்கே, கரைக்குப் போகும் பாதை எது, வேலி அடைத்தால் சுற்றிப் போக எவ்வளவு தூரம். இப்படி எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு வரைபடமும் சேர்க்கலாம். கருத்துகள் திட்டக்காரருக்கு அனுப்பப்பட்டு அவர் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இருப்பதால், விபரமான கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம். எதிர்ப்பு மட்டும் இல்லை, வேண்டியதையும் எழுதலாம். பாதையைத் திறந்து வை, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வேலையில் சேர், மழைநீர்க் கான் அமை, மாற்று மேய்ச்சல் தரை ஒதுக்கு என்பவை அனுமதியின் நிபந்தனைகளாக வர வாய்ப்புண்டு. ஒரே இடத்தில் கட்டம் கட்டமாக வரும் திட்டம் என்றால், மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் விட்டுவிட வேண்டாம். நிபந்தனைகளின் பிரதியைத் தகவல் உரிமை விண்ணப்பம் மூலம் எடுத்துச் சங்கத்தில் வைத்திருங்கள். மீறல் கண்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எந்த இலக்க நிபந்தனை மீறப்பட்டது என்று சுட்டியே முறையிடலாம்.

கரையோர வலயம் தனி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல் பக்கம் 2 கிலோமீட்டர் வரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அங்கும் தாக்க அறிக்கை கேட்கப்பட்டால் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அதன் எல்லையிலிருந்து 1 மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதியும் தேவை. நிலாவெளிக்காரர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

காணி

உறுதிக் காணி என்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி சுவீகரிப்புச் சட்டம் பொருந்தும். 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அளக்கப்போகிறார்கள் என்று பொருள். 4ஆம் பிரிவு அறிவித்தலில்தான் ஆட்சேபனை எழுதலாம், குறைந்தது 14 நாள் தர வேண்டும். 7ஆம் பிரிவு வந்துவிட்டால் பேச்சு நட்டஈடு பற்றியதாக மாறிவிடும். 38(அ) என்ற அவசர உடைமையேற்பு இடையில் வரக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள்.

நம் மாவட்டத்தின் உண்மையான சிக்கல் உறுதி இல்லாத காணிகளில்தான் இருக்கிறது. பேர்மிட் காணி, பரம்பரையாகச் செய்த சேனை, இப்போது ஏதோ ஒரு திணைக்களத்துக்குச் சொந்தம் என்று சொல்லப்படும் வயல். அரச காணியை ஒரு முதலீட்டாளருக்குக் கொடுக்கச் சுவீகரிப்புச் சட்டம் தேவைப்படாது. ஆனாலும் 2001ஆம் ஆண்டுத் தேசிய தன்விருப்பற்ற மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. அதை முன்வைக்கக் கையில் ஆதாரம் வேண்டும். கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு, உர மானிய அட்டை, பழைய வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாவற்றையும் படமெடுத்து வேறிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். 2006இல் சம்பூரை விட்டு ஓடிய குடும்பங்கள் திரும்பி வருவதற்கு ஆண்டுக்கணக்கானது. முதலீட்டுச் சபை வலயத்துக்கு என்று ஒதுக்கியிருந்த 818 ஏக்கர் 2015இல்தான் விடுவிக்கப்பட்டது. யுத்தத்தில் கடதாசி தொலைத்தவர்கள் நிறையப் பேர் உள்ள மாவட்டம் இது. இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

கேட்டும் பயனில்லாதபோது

உலக வங்கி அல்லது ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் நடக்கும் திட்டம் என்றால் அந்த வங்கிகளுக்கே முறையிடலாம். பாதிக்கப்பட்ட 2 பேர் சேர்ந்தால் போதும், தமிழில் எழுதலாம். முதலில் அந்த வங்கியின் பொறுப்பான அதிகாரிகளிடம் பிரச்சினையைச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள்.

நீதிமன்றப் பாதையும் இருக்கிறது. சம்பூர் நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக மக்கள் தெருவில் நின்றார்கள், சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றம் போனது. அந்த மின்நிலையம் சம்பூரில் கட்டப்படாது என்று 2016 செப்டம்பரில் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். போகும்போது விண்ணப்பப் பற்றுச்சீட்டு, பத்திரிகை அறிவித்தல், கருத்துக் கடிதத்தின் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள். முதலில் கேட்கப்படுவது திகதிகள்தான்.