குவாண்டம் தாங்கு மறையாக்கம்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் போஸ்ட்-குவாண்டம் கிரிப்டோகிராஃபி. குவாண்டம் கணினி வைத்திருப்பவரும் உடைக்க வழி தெரியாத, ஆனால் இன்றைய மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் ஓடுகிற மறையாக்க முறைகளுக்கான பொதுப்பெயர் இது. டேனியல் பெர்ன்ஸ்டைன் 2003இல் புழக்கத்தில் விட்ட சொல்.

தமிழில் இதைக் 'குவாண்டத்திற்குப் பிந்தைய குறியாக்கம்' என்றோ 'குவாண்டம் மறையாக்கம்' என்றோ எழுதினால் இரண்டுமே வாசகரைத் தவறான பக்கம் திருப்பிவிடும். முதல் சொல்லைப் படிப்பவர், குவாண்டம் கணினி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். அது வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது. இரண்டாவது வேறொரு துறையின் பெயர். ஒளித்துகள்களின் நிலையைக் கொண்டு சாவி பரிமாறும் அந்த முறையை 1984இல் பென்னட்டும் பிராசாரும் முன்வைத்தார்கள். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். இப்போது இணைய உலாவிகளில் வந்திருக்கும் குவாண்டம் தாங்கு மறையாக்கமோ வெறும் கணக்கு. மென்பொருளைப் புதுப்பித்தால் போதும்.

'குவாண்டம்' லத்தீனில் 'எவ்வளவு' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. துளிமம், குவையம் என்ற தமிழாக்கங்கள் உண்டு. ஆனால் வாசகருக்குப் பழகியது குவாண்டம்தான், அதை மாற்ற வேண்டியதில்லை. 'கிரிப்டோ' கிரேக்கத்தில் 'மறைவான'. இதற்குத் தமிழில் 'மறை' அப்படியே பொருந்துகிறது. 'மறையிறந்து மன்று படும்' என்ற குறளில் (1138) மறை என்பது ரகசியம்; அது வரம்பு கடந்து ஊரறிய வெளிப்படுவதைத்தான் அந்த அடி சொல்கிறது. 'குறியாக்கம்' அவ்வளவு பொருந்தாது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியும் குறியாக்கம்தான், அதில் ரகசியம் ஏதுமில்லை. 'தாங்கு' வேளாண்மையிலிருந்து வருகிறது: வறட்சி தாங்கும் நெல் ரகம் வறட்சியைத் தடுப்பதில்லை, அது வந்தாலும் பட்டுப்போகாமல் நிற்கும். இங்கும் அதே பொருள். எனவே 'தடுப்பு' வேண்டாம், 'தாங்கு' சரி.

அவசரம் எதற்கு? பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவதும் தனித்த மடக்கை (discrete logarithm) காண்பதும் குவாண்டம் கணினிக்கு எளிது என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். இணையத்தில் சாவி பரிமாறவும் கையொப்பமிடவும் பயன்படும் ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைகோட்டு முறைகள் இரண்டும் அந்தக் கடினத்தை நம்பியே நிற்கின்றன. அவற்றை உடைக்கும் அளவுக்குப் பெரிய இயந்திரம் இன்னும் இல்லை. ஆனால் இன்று கம்பியில் போகும் தரவைப் பதிந்து வைத்து, இயந்திரம் வந்ததும் திறந்து படிக்கலாம். மருத்துவ அறிக்கை, அரசு ஆவணம் போன்றவை இருபது ஆண்டு கழித்தும் ரகசியமாக இருக்க வேண்டியவை. (பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் ஏஇஎஸ் போன்ற முறைகளுக்கு இந்த ஆபத்து இல்லை, 256 பிட் சாவி போதும்.)

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், கைபர் என்ற முறையைச் சற்றுத் திருத்தி, எம்எல்-கெம் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் தரநிலையாக வெளியிட்டது. பெயரிலுள்ள 'கெம்' என்பதைச் 'சாவிப் பொதிவு' எனலாம். உலாவிகள் பயன்படுத்தும் எம்எல்-கெம்-768 வகையில், உலாவி 1184 பைட் பொதுச் சாவியை அனுப்பும். சேவையகம் அதைக் கொண்டு ஒரு ரகசியத்தைப் பொதிந்து 1088 பைட்டாகத் திருப்பும். உலாவி அதைப் பிரித்ததும் இருபுறமும் ஒரே 32 பைட் ரகசியம் இருக்கும்.

உலாவிகள் இதைத் தனியாக நம்புவதில்லை, நீள்வட்ட வளைகோட்டு வகையைச் சேர்ந்த பழைய எக்ஸ்25519 முறையோடு சேர்த்தே ஓட்டுகின்றன. இரண்டின் ரகசியங்களையும் ஒட்டி அந்த இணைப்புக்கு மட்டுமான அமர்வுச் சாவி வடிப்பதால், ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும். இதைக் 'கலப்புச் சாவி உடன்பாடு' என்போம். இது வீண் எச்சரிக்கை அல்ல. நிஸ்ட் தேர்வின் நான்காம் சுற்றில் இருந்த சைக் முறையை 2022இல் காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் ஒற்றைச் செயலகக் கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். கலப்பின் பெயரில் (எக்ஸ்25519எம்எல்கெம்768) எக்ஸ்25519 முன்னால் வந்தாலும், அனுப்பும் பைட் வரிசையில் எம்எல்-கெம் பங்குதான் முதலில் வரும். நிரல் எழுதுவோர் இதில் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

மேசைக்கணினிக் குரோம் 2024 ஏப்ரலில் (பதிப்பு 124) கைபர் கலப்பை இயல்பாக இயக்கியது. நவம்பரில் பதிப்பு 131 எம்எல்-கெம்முக்கு மாறியது. ஃபயர்ஃபாக்ஸ் 132உம் அதே காலத்தில் சேர்ந்துகொண்டது. கைபர் வரைவும் எம்எல்-கெம்மும் ஒன்றோடொன்று பேசாது: எந்த முறை என்பதைக் குறிக்கும் குழு எண்கள் 25497, 4588 என வேறு வேறு. பழைய எண்ணிலேயே நின்றுவிட்ட சேவையகத்தில் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் எக்ஸ்25519க்கு இறங்கிவிடும். பூட்டுக் குறி மாறாது, யாருக்கும் தெரியாது.

அறுபடும் இடம் வேறு. முன்பு 32 பைட்டாக இருந்த உலாவியின் பங்கு இப்போது 1216. அதனால் உலாவி இணைப்பைத் தொடங்க முதலில் அனுப்பும் கிளையன்ட் ஹலோ செய்தி 1500 பைட் பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது. முழுச் செய்தியும் ஒரே வாசிப்பில் கிடைத்துவிடும் என்று எழுதிய சேவையக நிரல் அங்கே இணைப்பைத் துண்டிக்கும். செய்தியின் தலைப்பகுதியில் உள்ள நீளத்தைப் பார்த்து, அவ்வளவு பைட்டும் சேரும் வரை வாசிப்பதே சரியான முறை. தளப் பெயரை முதல் பொட்டலத்தில் மட்டும் தேடும் தீயரண்களும் தடுமாறும். குரோம் அந்தச் செய்தியிலுள்ள நீட்சிகளின் (கூடுதல் புலங்களின்) வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுவதால் பெயர் சிலவேளை முதல் பொட்டலத்திலும் சிலவேளை இரண்டாவதிலும் விழும்; தளம் ஒருமுறை திறக்கும், மறுமுறை திறக்காது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டால் முதலில் இடையிலுள்ள கருவியைச் சந்தேகியுங்கள். உலாவியில் இந்த வசதியை அணைப்பது கோளாறை உறுதிப்படுத்தும் சோதனையாக மட்டும் இருக்கட்டும்.

சேவையகத்தில் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 அல்லது அதற்குப் பிந்தையதும், பாதுகாப்பான இணைப்புக்கான நெறிமுறையான டிஎல்எஸ் 1.3உம் வேண்டும்; 1.2இல் இது கிடையாது. நூலகத்தைப் புதுப்பித்தும் பலன் இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளின் அமைப்பைப் பாருங்கள். எப்போதோ கையால் எழுதிய வளைகோட்டுப் பட்டியல் இருந்தால் அது நூலகத்தின் இயல்பை மேலெழுதிவிடும். அதை நீக்குங்கள், அல்லது கலப்புக் குழுவைப் பட்டியலின் தலையில் சேர்த்து எக்ஸ்25519ஐ அடுத்து வையுங்கள். சோதிக்க, குரோமில் எஃப்12 அழுத்திப் பாதுகாப்புப் பலகத்தில் இணைப்பு விவரத்தைப் பாருங்கள். சாவிக் குழுவின் பெயரில் எம்எல்கெம்768 இருக்க வேண்டும்.

இருந்தாலும் 'இந்தத் தளம் குவாண்டம் தாங்கும்' என்று எழுதிவிட முடியாது. மாறியிருப்பது சாவி உடன்பாடு மட்டும். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களின் கையொப்பம் இன்னும் பழைய முறையில்தான் உள்ளது. கையொப்பத்தை இணைப்பு நடக்கும் நேரத்தில்தான் போலி செய்ய முடியும், பதிந்து வைத்துப் பிறகு ஏமாற்ற முடியாது; அதனால் அது காத்திருக்கலாம். அளவும் ஒரு தடை. இன்று 64 பைட்டில் முடியும் கையொப்பம் எம்எல்-டிஎஸ்ஏ-44 என்ற குவாண்டம் தாங்கு கையொப்ப முறையில் 2420 பைட், பொதுச் சாவி 1312. வழக்கமான இணைப்பில் ஐந்து கையொப்பமும் இரண்டு பொதுச் சாவியும் போகின்றன. கூட்டினால் 14,724 பைட். தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை, பதிலுக்குக் காத்திராமல் முதல் மூச்சில் அனுப்பும் பத்துப் பொட்டலங்களை அதுவே நிரப்பிவிடும், பக்கம் திறக்க இன்னொரு சுற்று ஆகலாம். ஆகவே இப்போதைக்குக் 'குவாண்டம் தாங்கு சாவி உடன்பாடு கொண்ட தளம்' என்று எழுதுவதே துல்லியம்.