உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லாத சைக்கிள்காரர்கள்

சைக்கிளிலிருந்து விழுந்து வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது உள்ளங்கையை. முழித்திருப்பவர் விழும்போது கையை ஊன்றுவார். தோல் உரிந்து பொடிக்கல் ஏறியிருக்கும். கை சுத்தமாக இருந்து தோளும் தாடையும் மட்டும் அடிபட்டிருந்தால், அடுத்து நான் கேட்பது, "தம்பி, கடைசியா எப்போ தூங்கினீங்க?"

போன ஞாயிறு வந்தவர் இந்த சீசனில் மூன்றாவது ஆள். இருபத்தாறு வயது, ஐடி வேலை, 600 கிலோமீட்டர் பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். விடியற்காலை நாலேகால் மணி, திண்டிவனம் தாண்டி நேர் ரோடு. குழியும் இல்லை, நாயும் குறுக்கே வரவில்லை. காறை எலும்பு மூன்று துண்டு. பின்னால் வந்த லாரிக்காரர் முழித்திருந்ததால் இந்தப் பையன் என்னிடம் வந்தார், இல்லையென்றால் வேறு டிபார்ட்மென்டுக்குப் போயிருப்பார்.

நான் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "டெரோன் மூணு நாள் தூங்காமத்தானே சார் ஜெயிச்சார்?"

இந்த டெரோன் கதை எல்லா சைக்கிள் குழுக்களிலும் சுற்றுகிறது. கதை நிஜம்தான். 1891 செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயம், சுமார் 1,200 கிலோமீட்டர். நம் ஆட்கள் 200, 300, 400, 600 என்று ஓட்டித் தகுதி பெறத் துடிக்கிறார்களே, அதே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்தான். மூன்றாம் இரவில் முன்னே போன ஜியெல் லாவால் படுத்துத் தூங்க, ஷார்ல் டெரோன் அவரைக் கடந்து போனார். 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். வழியில் தூங்கவே இல்லை.

மீதியையும் படியுங்கள். அப்போது டெரோனுக்கு 34 வயது. முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய சைக்கிள் காலத்திலிருந்து சுமார் 15 வருடம் பந்தயம் ஓட்டியே பிழைத்தவர். இரண்டு வருடம் கழித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்கு இரண்டு வாரத்தில் ஓட்டிவந்த ஆள். அவருக்குப் பின்னால் மிஷலின் டயர் கம்பெனி இருந்தது. அந்தக் கால வழக்கப்படி பக்கத்தில் வேகம் பிடித்துக் கொடுக்கக் கூலிக்கு ஆட்கள் வருவார்கள், கண் சொருகினால் குரல் கொடுப்பார்கள். உங்கள் பக்கத்தில் யார்?

சாலையையும் பாருங்கள். அந்தப் பந்தயத்தோடு ஒரு பெஜோ மோட்டார் வண்டியும் அதே வழியில் விடப்பட்டது. அது பாரிஸ் திரும்பியது டெரோனுக்குப் பல நாள் கழித்து! அப்படிப்பட்ட சாலையில் அரை நிமிடம் கண் அயர்ந்தால் வாய்க்காலில் விழலாம். நம் ஹைவேயில் விழுந்தால் கீழே தார், பின்னால் டிப்பர்.

இன்னொன்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. கிளம்பிய இருநூறு சொச்சம் பேரில் பாதிக்கும் குறைவானவர்களே முடித்தார்கள். ஆளை உரித்துப் போடும் பந்தயம் என்று தெரிந்துதான் அதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தார்கள். அடுத்தது 1901-இல். நீங்கள் மாதாமாதம் கிளம்புகிறீர்கள், அதுவும் வெள்ளிக்கிழமை இரவு வரை ஆபீஸ் கால் பேசிவிட்டு.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: "மனசு வச்சா தூக்கம் வராது சார்." தூக்கம் உங்கள் மனசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கண் திறந்தபடியே மூளை நாலு நொடி அணைந்துவிடும். அணைந்தது உங்களுக்கே தெரியாது. "நான் தூங்கலையே" என்று சத்தியம் செய்வீர்கள், பொய்யும் அல்ல. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால் 28 மீட்டர். அவ்வளவு தூரம் வண்டியை யாரும் ஓட்டவில்லை, அது தானாகப் போகிறது. மனவலிமை இருப்பவர் இன்னும் மோசம், ஏனென்றால் அவர் நிறுத்தமாட்டார். நைட் டியூட்டியில் நானும் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? 600-க்குக் கொடுப்பது 40 மணி நேரம். சராசரி 20-இல் ஓட்டினால் 30 மணியில் முடியும். மீதிப் பத்தில் சாப்பாடு, பஞ்சர், கன்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதியும் இடம்) முத்திரை எல்லாம் போக மூன்று மணி நேரம் படுக்க இடம் இருக்கிறது. படுங்கள். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரைதான் ஆபத்து, தூக்கத்தை அங்கே வையுங்கள். பாதையின் நடுக்கோடு இரண்டாகத் தெரிந்தாலோ, கடந்துவந்த ஊரின் பெயர் நினைவில்லை என்றாலோ, அடுத்த பெட்ரோல் பங்கில் இறங்கிவிட வேண்டும். காபி குடித்த உடனே இருபது நிமிடம் சாயுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் நீங்கள் எழவும் சரியாக இருக்கும். காபியை மட்டும் நம்பி ஏறாதீர்கள். ரைடு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டுவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

குழுவாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பேச்சு நின்றுபோய்ப் பின்தங்குகிறவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "நீ வா, நாங்க கன்ட்ரோல்ல இருக்கோம்" என்று சொல்லிப் போனவர்களைத்தான் நான் பிறகு வார்டு வாசலில் பார்க்கிறேன்.

பையனுக்குத் தகடு வைத்தாயிற்று. கண் விழித்ததும் அம்மாவிடம் கேட்டது சைக்கிள் ஃபிரேம் உடைந்ததா என்று. அந்தம்மா என்னைப் பார்த்தார். பையன் மறுநாள் சாயங்காலம் வரை தூங்கினார்.